விண்ணப்பத்தில் எழுதாமல் விட்ட ஆறு வருடம்: ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள். வயது இருபத்தேழு ஆகிவிட்டது, மருத்துவமனையில் ஹவுஸ் ஆபீசராக, அதாவது படிப்பு முடித்த முதல் ஆண்டு டாக்டராக, வேலை பார்க்கிறாள், ஆனாலும் வீட்டுக்கு இன்னும் பாப்பாதான். இங்கேயும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். டாக்டரான பிறகு ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் பதினைந்து வயதில் என் சனிக்கிழமை வேதியியல் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளை. ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

வெற்றிக் கதைக்கு மேடைகள் நிறைய உண்டு. இது 2017இல் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்து அவள் தோற்றதைப் பற்றியது. அந்தத் தோல்வியில் எனக்கும் பங்கு உண்டு.

பின்னணி

பாப்பாவின் தாத்தா சிங்கப்பூரில், செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். அப்பா பேருந்து ஓட்டுநர். அம்மா ஒரு தொடக்கப்பள்ளியின் உணவகத்தில், இந்தியச் சாப்பாட்டுக் கடையில் உதவியாள். யீஷூனில் மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. அப்பா, அம்மா, பாட்டி, பாப்பா, இரண்டு தம்பிகள். பாட்டிக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. இந்த ஆய்வில் அது முக்கியமான விவரம். எனக்கு அது பல வருடம் தெரியாது என்பது அதைவிட முக்கியமானது.

மருத்துவத்துறையில் இந்தியர்களுக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எந்த மருத்துவமனையின் நிபுணர் பட்டியலைப் பார்த்தாலும் நம் பெயர்கள் கண்ணில் படும். சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983இல் பிறந்தபோது அந்தக் குழுவை நடத்தியவர், இலங்கையில் பிறந்த தமிழர் பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம். விழாக்களில் அவர் பெயரைச் சொல்லித் தலைநிமிர்ந்து கொள்கிறோம். சரி. ஆனால் ‘இந்தியர்’ என்ற ஒரே பெட்டிக்குள் எத்தனை பேரைப் போட்டு மூடியிருக்கிறோம்? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கு வசிப்போரில் இந்தியர் 9 விழுக்காடு. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 2.5 விழுக்காடு. வங்கி வேலைக்கு மும்பையிலிருந்து வந்தவரின் மகளும், மூன்று தலைமுறையாக இங்கேயே உழைத்த செம்பவாங் குடும்பத்துப் பேத்தியும் புள்ளிவிவரத்தில் ஒரே கட்டத்தில் இருப்பார்கள். மருத்துவப் பள்ளியின் வாசலில் அப்படி இருப்பதில்லை.

நம் சமூகத்துக்கு இது தெரியாததும் அல்ல. இந்திய மாணவர்கள் பின்தங்குகிறார்கள் என்று ஆராய்ந்த பிறகுதான் 1991இல் சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் தொடங்கியது. ஒவ்வொரு மாதமும் நம் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதி வழியாகச் சின்னத் தொகை அதற்குப் போகிறது. மலாய்ச் சமூகத்துக்கு அதற்கு முன்பே, 1982இல், மெண்டாக்கி வந்துவிட்டது. துணைப்பாட வகுப்பு, உதவிநிதி என்று இரண்டும் செய்திருப்பது கொஞ்சம் இல்லை. என் சனிக்கிழமை வகுப்பும் அந்த மாதிரி எண்ணத்தில் நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தியதுதான். அதில் நாங்கள் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: மதிப்பெண்.

முதல் முயற்சி

மதிப்பெண்ணில் பாப்பா குறை வைக்கவில்லை. அக்கம்பக்கப் பள்ளியிலிருந்து தொடக்கக்கல்லூரிக்குப் போனாள். 2016 மேல்நிலைத் தேர்வில் உயிரியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் ஏ. பொதுத்தாளில் மட்டும் பி. அப்போதைய 90 புள்ளிக் கணக்கில் 88.75. அவள் அப்பா அந்தத் தாளை மடிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, டிப்போவில் எல்லாரிடமும் காட்டிவிட்டு வந்தார்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் (என்யூஎஸ்) வெளியிடும் பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மருத்துவத்தில் இடம் பெற்றவர்களில் அடியிலிருந்து பத்தாவது விழுக்காட்டில் இருப்பவருக்கே மூன்று பெரிய பாடத்திலும் ஏ, சின்னப் பாடத்திலும் ஏ. அதாவது மதிப்பெண் வெறும் நுழைவுச்சீட்டு. வரிசையில் நிற்கும் எல்லாரிடமும் அந்தச் சீட்டு இருக்கிறது. யாரை உள்ளே விடுவது என்பதை நேர்முகமும், என்னென்ன செய்திருக்கிறாய் என்ற தொகுப்பும், சூழ்நிலைத் தேர்வுகளும்தான் முடிவு செய்கின்றன.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளிக்கு அந்தக் காலத்தில் பிமேட் என்ற தனித் தேர்வு எழுதவேண்டும், இப்போது யூகேட். பிமேட் நவம்பர் தொடக்கத்தில், மேல்நிலைத் தேர்வின் பரபரப்புக்கு நடுவே வரும். பதிவு முடியச் சில நாட்கள் இருக்கும்போது, கல்லூரிக் கழிவறை வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் பாப்பாவுக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரிந்தது. பேசிய இருவரும் ஜூன் விடுமுறையிலிருந்தே தயார் செய்துகொண்டிருந்தவர்கள். ஒருத்தியின் அக்கா மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவி. பாப்பா நூலகத்தில் ஒரு பழைய வினாத்தொகுப்பை எடுத்து, ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதினாள். கட்டுரைப் பகுதி இருப்பதே தேர்வுக்கு முந்தைய வாரம்தான் தெரியும்.

இரண்டு இடத்தில் விண்ணப்பித்தாள். ஓரிடத்திலிருந்து மட்டும் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. எந்தப் பள்ளி என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பல சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், வெவ்வேறு ஆள், வெவ்வேறு கேள்வி. “உன்னோடு வேலை செய்யும் மூத்தவர் ஒரு தவறு செய்கிறார், நீ பார்த்துவிட்டாய், என்ன செய்வாய்?” என்று ஓர் அறையில். பாப்பா சொன்ன பதில்: “பெரியவங்க ஏதாவது காரணத்தோடதான் செஞ்சிருப்பாங்க.” எதிரே இருந்தவர் கொஞ்சம் தூண்டிப் பார்த்தாராம். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று பதினெட்டு வருடம் வளர்த்த பிள்ளை வேறு என்ன சொல்லும்? நாமே அதை ‘நல்ல பிள்ளை’ என்று பாராட்டியிருக்கிறோம்.

இன்னோர் அறையில், ஏன் மருத்துவம் என்று கேட்டார்கள். “மக்களுக்கு உதவ” என்றாள். அன்று வந்த அத்தனை பேரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

தொகுப்பில் அவள் எழுதியிருந்தவை: தமிழ் மன்றச் செயலாளர், வலைப்பந்து, நன்கொடை திரட்டும் ஒருநாள் கொடி விற்பனை. அவளோடு போட்டியிட்டவர்களிடம் மருத்துவமனையில் டாக்டரோடு நிழலாக நடந்த இரண்டு வாரம், ஆய்வுக்கூடப் பயிற்சி, கம்போடியாவுக்குச் சேவைப் பயணம் எல்லாம் இருந்தன. அவை பொய்யல்ல, அந்தப் பிள்ளைகளும் உழைத்தவர்கள்தான். ஆனால் அப்பாவின் நண்பர் அறுவை மருத்துவராக இருந்தால் அந்த இரண்டு வாரத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பாப்பாவின் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே டாக்டர் பலதுறை மருந்தகத்தில் அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதிக்கொடுப்பவர். அவரும் ஒவ்வொரு முறையும் வேறு ஆள்.

இடம் கிடைக்கவில்லை. அப்பா, “பரவாயில்லம்மா, டீச்சரா போ, சார் மாதிரி” என்றார். அந்த ‘சார்’ நான். அதற்கு முந்தைய வருடம் அவள் என்னிடம் வந்து, “சார், மெடிசினுக்கு வேற என்ன பண்ணணும்?” என்று கேட்டாள். “முதல்ல மார்க் வாங்கும்மா, மத்ததெல்லாம் தானா வரும்” என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்திருக்கலாம். முப்பது வருடம் ஆசிரியராக இருந்தவனுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வராது, அதுதான் சிக்கல்.

இரண்டாம் சுற்று

பாப்பா உயிரியல் அறிவியல் படிக்கப் போனாள். 2019 கடைசியில், மூன்றாம் ஆண்டில், மறுபடி வந்தாள். ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்தவர்கள் டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியில் நான்கு ஆண்டில் மருத்துவம் படிக்கலாம், எம்கேட் என்ற நுழைவுத்தேர்வு எழுதவேண்டும், முயற்சி செய்யட்டுமா என்று கேட்டாள். இந்த முறை நான் பதில் எதுவும் சொல்லவில்லை. யீஷூனில் ஒரு கோப்பிக்கடையில் உட்கார்ந்து, பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு வாரத்தில் என்னென்ன செய்தாய் என்று ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னேன். பள்ளி, வீடு, கடை, எல்லாம். மூன்று மணிநேரம் ஆனது.

பட்டியலின் நடுவில், ‘துணி காயப்போடுவது’க்கும் ‘தம்பிக்கு ஹோம்வொர்க்’குக்கும் இடையில், ‘பாட்டிக்கு ஊசி’ என்று இருந்தது.

என்ன ஊசி என்று கேட்டேன். இன்சுலின். தொடக்கப்பள்ளி ஆறில் தொடங்கி, பாட்டி இறக்கும்வரை ஆறு வருடம், காலையும் மாலையும். அம்மா விடியுமுன் உணவகத்துக்குக் கிளம்பிவிடுவார், அப்பாவுக்கு மாறிமாறி ஷிஃப்ட். பாட்டிக்குக் கண் மங்கல், ஊசியின் கோடு தெரியாது. வயிற்றில் ஒரே இடத்தில் குத்தினால் கட்டிபோல் தடித்துவிடும் என்று இடம் மாற்றி மாற்றிக் குத்த அவளே கற்றுக்கொண்டாள். பாட்டிக்குத் திடீரென்று வேர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று தெரியும். இனிப்பு தூக்கலாக ஒரு மைலோ கலக்கிக் கொடுப்பாள். இரவு பாட்டியின் கால்விரல் இடுக்குகளை டார்ச் அடித்துப் பார்ப்பாள். காலில் உணர்வு போய்விட்டவர்களுக்குப் புண் வந்தாலும் தெரியாது என்று ஒரு தாதி சொல்லியிருந்தாராம்.

“இதை ஏம்மா முதல் தடவை எழுதல?”

“அது வீட்டு வேலைதானே சார்.”

நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று 2016இல் சுகாதார அமைச்சே அறிவித்தது. இந்தியரிடமும் மலாய்க்காரரிடமும் இந்த நோய் கூடுதல் என்பது இங்கு எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அதே வருடம் விண்ணப்பத் தொகுப்பைத் தயாரித்த பெண், ஆறு வருடம் அந்த நோயின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள், கொடி விற்றதை எழுதியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அது எழுதத் தக்கது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நாலு வருடம் சனிக்கிழமைதோறும் பார்த்த நானும் கேட்கவில்லை.

அதன்பிறகு நடந்தது பெரிய திட்டம் எதுவும் இல்லை. யீஷூனில் ஒரு புளோக்கின் கீழ்த்தளக் கிளினிக்கில் பகுதிநேர உதவியாளர் வேலை; மருந்து எடுத்துக் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது. சம்பளமும் கிடைத்தது, டாக்டரின் ஒருநாள் எப்படிப் போகிறது என்பதும் தெரிந்தது. சம்பளமில்லாத ‘நிழல்’ பயிற்சிக்குப் போவதற்கு வசதி வேண்டும் என்பதை அப்போதுதான் நான் யோசித்தேன். ஸ்ரீ நாராயண மிஷன் யீஷூனில் நடத்தும் முதியோர் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டு. கிருமித்தொற்று வந்து அது பாதியில் நின்றது.

நேர்முகத்துக்கு ஒத்திகை பார்த்தோம். ஒரு தாதி, ஒரு வழக்கறிஞர், ஒரு சமூக சேவையாளர், நான். முதலில் சமூக மன்ற அறையில், பிறகு ஸூமில். விதி ஒன்றுதான்: ஒவ்வொரு கேள்வியிலும் எங்களில் ஒருவரையாவது அவள் மறுத்துப் பேசவேண்டும். முதல் வாரம் “நீங்க சொல்றது சரிதான் சார், ஆனா…” என்று தொடங்கி அந்த ‘ஆனா’வோடு நின்றுவிட்டாள். நான்காவது வாரம், “சார், அதை என்னால ஒத்துக்க முடியல, ஏன்னு சொல்றேன்” என்றாள். மூக்கில் குத்தியதுபோல் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

2021இல் சேர்ந்தாள்.

பணம்

பணத்தைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. இங்கு ஓரளவு தீர்ந்திருக்கும் பிரச்சினை அது. என்யூஎஸ் மருத்துவத்தில் அரசு மானியம் போகக் குடிமக்கள் கட்டுவது இப்போது ஆண்டுக்கு 30,000 வெள்ளிக்கு மேல், ஐந்து ஆண்டு. டியூக்-என்யூஎஸ்ஸில் ஆண்டுக் கட்டணம் அதைவிடக் கூடுதல். கட்டணத்தில் பெரும்பகுதியைக் கல்விக் கட்டணக் கடனாகப் பெறலாம், படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. குடும்ப வருமானத்தைப் பொறுத்து அரசு உதவிநிதி உண்டு. சிங்கப்பூர் மருத்துவச் சங்கத்தின் அறநிதி, வசதியில்லாத மருத்துவ மாணவர்களின் அன்றாடச் செலவுக்கென்றே கொடுக்கிறது. படித்து முடித்ததும் பொதுத்துறையில் குறிப்பிட்ட ஆண்டுகள் வேலை செய்ய ஒப்பந்தம். என்யூஎஸ்ஸில் குடிமக்களுக்கு அது ஐந்து ஆண்டு.

ஆனால் இந்த உதவி எல்லாம் இடம் கிடைத்த பிறகு வருவது. கதவு திறந்தபின் குடை கொடுக்கிறார்கள். வெளியே நின்று நனைந்த காலத்துக்கு எதுவும் இல்லை. கடனுக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போடும்போது அப்பாவுக்குக் கை நடுங்கியது. வாழ்க்கையில் அவ்வளவு பெரிய எண்ணுக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டது வீவக வீட்டுக்குப் பிறகு அதுதான்.

வார்டில்

உள்ளே போன பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். இரண்டாம் ஆண்டிலேயே வார்டுக்குப் போனாள். அங்கே அடிபட்டது மொழியில்.

நம் மருத்துவமனைகளில் முதியவர்களில் பெரும்பாலோர் மாண்டரினோ ஹொக்கியனோ பேசுகிறவர்கள். நோயாளியிடம் வரலாறு கேட்டு எழுதுவதுதான் மருத்துவ மாணவரின் முதல் வேலை. சக மாணவர்கள் கட்டிலில் சாய்ந்து “ஆ மா, எங்கே வலிக்குது” என்று தொடங்கிவிடுவார்கள். பாப்பா யாரையாவது கெஞ்சி மொழிபெயர்க்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு சின்ன நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதி மனப்பாடம் செய்தாள். வலிக்கிறதா என்று கேட்க மாண்டரினில் ‘தோங் பு தோங்’, ஹொக்கியனில் ‘தியா போ’, மலாயில் ‘சாகிட்’. வகுப்பில் இருந்த மலாய்த் தோழிக்கும் இதே கதை. அவளுக்குத் தலைமுக்காடு பற்றிய கேள்விகளும் சேர்ந்து வந்தன. பொது மருத்துவமனைகளில் முஸ்லிம் தாதியர் சீருடையோடு தூடோங் அணியலாம் என்று ஆனதே 2021 நவம்பரில்தான்.

நோயாளிகள் அவளைத் தாதி என்று நினைத்து “மிஸ்ஸி” என்று கூப்பிடுவது தினமும் நடக்கும். அதில் அவளுக்கு வருத்தமில்லை. தாதியர்தான் அவளுக்கு வார்டைக் கற்றுக்கொடுத்தவர்கள். “எந்த ஊரு? சென்னையா?” என்று தமிழர்களே கேட்பதுதான் கொஞ்சம் குத்தும். யீஷூன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

தமிழ் நோயாளி வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். “நெஞ்சு வலி” என்று குறிப்பில் எழுதியிருந்த ஒரு பாட்டியிடம் போய், “கரிக்குதா ஆச்சி, அடைக்குதா?” என்று கேட்டாள். கரிக்கிறதாம். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும். ‘மயக்கம்’ என்ற சொல் அதைவிட மோசம். தலைசுற்றல், வாந்தி வருவதுபோல் இருப்பது, நினைவு தப்பி விழுவது எல்லாவற்றுக்கும் நம் ஆட்கள் மயக்கம் என்றுதான் சொல்வார்கள். மொழிபெயர்க்க வந்த பேரன் அதை நினைவு தப்பியது என்று சொல்லிவிட்டால் அந்த நோயாளி செய்துகொள்ளும் பரிசோதனைகளே மாறிப்போகும். சந்தைக்கு உதவாது என்று பள்ளியில் அலட்சியமாகப் பார்த்த மொழி வார்டில் இவ்வளவு வேலை செய்கிறது.

அந்த வேலைக்கு விலையும் உண்டு. ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) அவள் இரண்டாம் ஆண்டு மாணவி. வேறொரு வார்டிலிருந்து ஆள் அனுப்பி அழைத்தார்கள், “தமிழ் தெரிந்த மாணவி வேண்டும்” என்று. நீரிழிவில் கால் அழுகிய ஒரு தாத்தா. காலை எடுக்கவேண்டும் என்பதை அவரிடமும் அவர் மனைவியிடமும் சொல்லவேண்டும். நிபுணர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பாப்பா தமிழில் சொன்னாள். அந்த மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ டாக்டர்தானேம்மா, வேற வழி இல்லையா, நீ சொல்லு” என்று கேட்டார். அவள் இன்னும் டாக்டர் இல்லை. அந்த நோயாளியைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. மாடிப்படியில் போய் உட்கார்ந்து எனக்குப் போன் செய்தாள். பாட்டியின் காலைத்தான் பார்த்தேன் சார் என்றாள். அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை.

அன்று அவள் செய்தது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்யவேண்டிய வேலை. அவளுடைய மதிப்பீட்டில் அதற்கு ஒரு வரி கிடையாது. அந்த ஒரு மணிநேரத்தில் அவள் வகுப்பில் மற்றவர்கள் இன்னொரு நோயாளியைப் பரிசோதித்துக் கற்றுக்கொண்டிருந்தார்கள். சிறுபான்மை மாணவர்களை உள்ளே கொண்டுவந்துவிட்டு, அந்தச் சமூகத்தின் மொத்தப் பாரத்தையும் அவர்கள் தோளில் ஏற்றுவதைப் பன்முகத்தன்மை என்று பாராட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

இந்த நிகழ்விலிருந்து

இடஒதுக்கீடு வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. இங்கு அந்தச் சொல்லுக்கே முகம் சுளிப்பார்கள். ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன்: 1979இல் மருத்துவப் படிப்பில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்த நாடு இது. 2003 சேர்க்கையில்தான் அது முழுதாக நீங்கியது. யார் டாக்டராகலாம் என்பதைத் தகுதி மட்டுமே முடிவு செய்கிறது என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

என் கவலை வேறு. பாப்பாவுக்கு உதவி தேவைப்பட்ட காலம் உயர்நிலை மூன்றிலிருந்து தொடக்கக்கல்லூரி முதலாண்டு வரை. அப்போது அவளுக்குக் கிடைத்தது துணைப்பாடம். தேவைப்பட்டது ஒரு டாக்டரின் தொலைபேசி எண், தேர்வுத் தேதிகள், பெரியவர்களோடு மாறுபட்டுப் பேசிப் பழக ஓர் அறை, ‘நீ வீட்டில் செய்வது என்ன?’ என்று கேட்க ஒரு ஆள். எதற்கும் அதிகப் பணம் ஆகாது. டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவை சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகின்றன. அவர்களுக்கு அது உதவியாகவே தெரியாது, பாப்பாவுக்குப் பாட்டியின் ஊசி வீட்டு வேலையாகத் தெரிந்ததுபோல.

இப்போது சனிக்கிழமை வகுப்பில் வேதியியலுக்குப் பிறகு ஒரு மணிநேரம் ஒதுக்கியிருக்கிறோம். சுகாதாரத்துறைக்குப் போக விரும்பும் ஆறு பிள்ளைகள். ஒரு பையன் தேசிய சேவைக்குப் போயிருக்கிறான், முடித்துவிட்டு விண்ணப்பிப்பதாகச் சொல்கிறான். ஒரு பெண் தாதிமைக்குப் போய் நன்றாக இருக்கிறாள். மருத்துவம் கிடைக்காததால் அல்ல, அவள் விரும்பியே. ஒருத்தி வருவதை நிறுத்திவிட்டாள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கேட்டால், “வீட்ல கொஞ்சம் வேலை சார்” என்கிறாள். மற்ற மூவரும் இன்னும் பள்ளியில்.

ஒத்திகையில் எதிர்ப்பக்கம் உட்காரப் பாப்பா வருவதாக ஏற்பாடு. மூன்று சனிக்கிழமைகளில் ஒன்றுக்கு வந்தாள், முந்தைய இரவு ‘ஆன்-கால்’ டியூட்டி முடித்த கண்களோடு. அடுத்த வாரத்துக்கும் முடியாது என்று நேற்று செய்தி அனுப்பியிருக்கிறாள். வார்டில் ஆள் பற்றாக்குறையாம். வேறு யாராவது தமிழ் தெரிந்த டாக்டர் கிடைப்பாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.